உபயம் பெயிண்ட் அடித்த போர் விமானம்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடிச்சூர் மனைப்பிரிவில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஞானமுத்து சார், அவர் மனைவி டீச்சரம்மா, மனைகளுக்குக் காவல் இருந்த பெரியவர், நான், அப்புறம் 'உபயம்'. மேய்ந்துகொண்டிருந்த எருமைகளையும் சேர்த்தால் ஒன்பது. இவ்வளவு கறாராகக் கணக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. "நானும் அங்கதான் இருந்தேன்" என்று பிற்பாடு தாம்பரத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தவர்களை ஏற்றினால் ஒரு எலெக்ட்ரிக் ரயில் போதாது.

சென்னைக்குத் தெற்கே உபயம் பெயர் எழுதாத பொருள் என்று ஏதாவது இருந்தால், அது அவர் பிரஷ்ஷோடு வந்த நேரத்தில் ஓடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நின்ற பொருளெல்லாம் அவர் கணக்கில் சேர்ந்துவிடும். வானம் ஒன்றுதான் பாக்கி. அதையும் அந்த ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டார்.

உபயம் என்பது அவர் பெயர் இல்லை. அவர் போர்டு எழுதுகிற பெயிண்டர். கடை போர்டு, வண்டி நம்பர், 'நாய் ஜாக்கிரதை', 'இங்கே சிறுநீர் கழிக்காதே', எது சொன்னாலும் எழுதுவார். கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். ஆனால் எழுதி முடித்ததும் போக மாட்டார். காதில் பென்சிலோடு ஓரமாக நின்று ஒரு கேள்வி கேட்பார்.

"யாரு உபயம்?"

கோயில் டியூப் லைட்டுக்கு அது நியாயமான கேள்வி. உபயம் அதைத் தண்ணீர்த் தொட்டிக்கும் கேட்பார், தையல் மெஷினுக்கும் கேட்பார். ஏன் என்று கேட்டால் அவரிடம் ஒரு தத்துவம் தயாராக இருக்கும்.

"பொருளு சொம்மா வராது நைனா. எவனோ ஒர்த்தன் துட்டு குட்த்துகீறான். அவன் பேரு இல்லாங்காட்டி அது அநாதைப் பொருளு."

பேங்க் கேஷியர் ஒருவர் புது ஸ்கூட்டருக்கு நம்பர் எழுதக் கொடுத்தார். உபயம் கேஷியரிடம் கேட்காமல், வீட்டுக்குள்ளே போய் அவர் சம்சாரத்திடம் கேட்டுவிட்டார். மறுநாள் காலையில் நம்பருக்குக் கீழே, 'உபயம்: மாமனார், செங்கல்பட்டு' என்று அழகாக நிழல் கொடுத்து எழுதியிருந்தது. அழிக்கச் சொல்லிக் கேஷியர் குதித்தார். "எங்கப்பா பேரு, யாரும் கை வைக்கக் கூடாது" என்று சம்சாரம் சொல்லிவிட்டது. மூன்று மாசம் கேஷியர் பஸ்ஸில் ஆபீஸ் போனார்.

இன்னொரு பெரிய மனிதர், ரோட்டோரத்தில் தான் கட்டிக் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்ட பயணிகள் நிழற்குடையில் பெயர் எழுதச் சொன்னார். "துட்டு உன் பாக்கெட்லேருந்தா போச்சு?" என்றார் உபயம். பெரிய மனிதர் தொண்டையைக் கனைத்தார். கனைப்பு பதில் ஆகாது என்று உபயம், 'உபயம்:' என்று எழுதி, பக்கத்தில் ஏழெட்டுப் புள்ளி வைத்துவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் புள்ளிகளுக்குக் கீழே நின்றுதான் நாங்கள் வருஷக்கணக்கில் பஸ் ஏறினோம்.

இப்பேர்ப்பட்டவரிடம் நான் போய் மாட்டிக்கொண்டேன். அதற்கு முன்னால் என்னைப் பற்றி இரண்டு வரி. பூட்டிய கடையை ஏழு முறை இழுத்துப் பார்த்து, எட்டாவது இழுப்பில் பூட்டைப் பிடுங்கியவன் நான். ஒன்பதாம் வகுப்பில், ரிசல்ட் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு டி.வி. ரிப்பேர் கற்றுக்கொண்டு, மேற்குத் தாம்பரத்தில் ஞானமுத்து சார் வீட்டின் முன்பக்கத்துப் பத்துக்குப் பத்து அறையில் கடை போட்டிருந்தேன். ஊருக்குள் கேபிள் டி.வி. வந்த புதிது.

ஞானமுத்து சார் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவருக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, தலைக்கு மேலே விமானம் போனால் பேச்சை நடுவிலே நிறுத்திவிட்டு அண்ணாந்துவிடுவார். தாம்பரத்தில் பயிற்சி விமானங்களுக்குப் பஞ்சம் கிடையாது. வாடகையை ஏற்ற வேண்டும் என்று அவர் ஆரம்பித்த பேச்சு அப்படி இரண்டு தடவை ஆகாயத்தோடு போயிருக்கிறது. அந்த விமானிகளுக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை.

இரண்டாவது பலவீனம், மூத்த பையன் செல்வின். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன செல்வின் அங்கே தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். அன்றிலிருந்து இரண்டு வருஷமாக அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. சாப்பாட்டு ஜெபத்தில்கூட சார் பிள்ளைகளைப் பெயர் சொல்லாமல், 'எங்கள் பிள்ளைகள் ஐவரையும்' என்றுதான் சொல்வாராம். கணக்கு வாத்தியாருக்கு ஐந்தை நாலாக்க மட்டும் மனசு வரவில்லை.

ஒரு புதன்கிழமை காலையில் சார் பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். உள்ளே ஒரு போர் விமானம். உடம்பு முழுக்க தெர்மாகோல், நாலடி இறக்கை, சாம்பல் நிறம், மூக்கில் மோட்டார். பக்கத்தில் நீளமான ஏரியல் வைத்த ரிமோட் பெட்டி.

"ஒரு எடத்துலேருந்து வந்துது" என்றார் சார். பெட்டியின் மேல் சிங்கப்பூர் தபால்தலை எட்டு ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன். "பாட்டரி வயர் விட்டுப்போச்சு போல. நாங்க நாகர்கோவில்ல ஒரு கல்யாணத்துக்குப் போறோம், ஞாயித்துக்கிழமை வந்துருவோம். வந்ததும் விட்டுப் பாக்கணும். பத்திரம்ப்பா."

"சரி சார்."

"இந்த மாசத்தோட உன் கடை அக்ரிமெண்ட் முடியுது, ஞாபகம் இருக்கில்ல? கேபிள்காரன் வேற இந்த எடத்தைக் கேக்கறான். வந்து பேசிக்குவோம்."

தலைக்கு மேலே அப்போது ஒரு விமானமும் போகவில்லை.

வயரை ஒட்டப் பத்து நிமிஷம் ஆயிற்று. மிச்ச நேரமெல்லாம் பத்திரத்துக்கே சரியாகிவிட்டது. அலமாரி மேல் வைத்தேன். ஃபேன் காற்றில் விழுந்துவிடுமோ என்று இறக்கினேன். மேஜைக்கு அடியில் வைத்தேன். தெர்மாகோலை எலி கடிக்கும் என்று எடுத்தேன். கடைசியில் கஸ்டமர் உட்காரும் நாற்காலியில் படுக்க வைத்து, தூசி படாமல் பெட்ஷீட் போட்டு மூடி, எவனாவது உட்கார்ந்துவிடுவானோ என்று பக்கத்திலேயே காவல் நின்றேன். இரண்டரை மணி நேரம். மத்தியானம் கரண்ட் போனது. கால் கடுத்தது. 'அப்பாடா' என்று உட்கார்ந்தேன்.

அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவ்வளவு பெரிய அப்பளம் எந்தக் கல்யாணத்திலும் போட்டிருக்க மாட்டார்கள்.

எழுந்திருக்கப் பயமாக இருந்தது. எழுந்தால் பார்க்க வேண்டும். அப்படியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. வாசலில் ஏணி வந்து நின்றது, பின்னாலேயே உபயம்.

"இன்னா டீவி, மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துப் போய்க் கீது?"

"விமானத்து மேல உக்காந்துட்டேன்ணா."

"ஏர்போர்ட்டு அந்தாண்டல்ல கீது?"

நான் எழுந்து பெட்ஷீட்டை விலக்கினேன். இடது இறக்கை இரண்டு துண்டு. வயிற்றில் ஒரு பள்ளம்; அளவு எடுத்தால் எனக்குச் சரியாக இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். கடை போய்விடும், படப்பையில் மச்சான் வீட்டுத் திண்ணையில் போய் விழ வேண்டும், டி.வி. மெக்கானிக் என்று பெண் கொடுத்த மாமனார் மூஞ்சியில் எப்படி முழிப்பேன், எல்லாம் சொன்னேன். உபயம் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அழுவாத. இத்த நான் சரி பண்றேன். பஞ்சர் சொல்யூஷன் போட்டா ரயிலே ஒட்டிக்கும்."

சைக்கிள் கடையில் ட்யூப் வாங்கி வந்து, உடைந்த இடத்தில் விரலால் தடவினார். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். தெர்மாகோல் நெருப்பு பட்ட நெய் மாதிரி உள்ளே போனது. ஒரு விரற்கடைப் பிளவு இருந்த இடத்தில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கிற அளவுக்குக் குழி.

"அண்ணா, இன்னும் பெரிசாயிடுச்சே!"

"இன்னா பொருளு இது, மருந்து குட்த்தா செத்துப்பூடுது?" என்று உபயம் அதன் மேலேயே பழியைப் போட்டார்.

ஆனால் மனிதருக்குக் கையில் புத்தி. மறுநாள் வியாழக்கிழமை, என் கடையில் கிடந்த டி.வி. பெட்டிகளின் தெர்மாகோலை பிளேடால் செதுக்கிக் குழிகளை அடைத்தார். மூங்கிலைச் சீவி இறக்கைக்குள் எலும்பு மாதிரி வைத்தார். வெள்ளைப் பசையால் ஒட்டினார். மேலே அன்றைய தினசரிப் பேப்பரைக் கிழித்து, மைதா பசை காய்ச்சி, உடம்பு முழுக்கப் போர்த்தினார். வெள்ளிக்கிழமை காய்ந்ததும் தட்டிப் பார்த்தால் 'டொக் டொக்' என்று கதவு மாதிரி சத்தம்.

"இனிமே நீ மேல உக்காந்தாலும் தாங்கும். உக்காந்து பாக்கறியா?"

"வேணாம்ணா."

சாம்பல் நிறப் பெயிண்ட் அவரிடம் இல்லை. ஏதோ ஒரு கடைக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சை இருந்தது. ஆட்டோ மஞ்சள் கொஞ்சம் இருந்தது. விமானம் பச்சை ஆயிற்று, மூக்கு மஞ்சள் ஆயிற்று. போர் விமானத்தின் பழைய வட்டச் சின்னங்களை எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து அச்சு அசலாகப் போட்டார். மளிகைக் கடைத் தராசில் வைத்தால், பெட்டியில் போட்டிருந்த எடையைவிடக் கால் கிலோ கூடியிருந்தது.

"இவ்ளோ கனம் பறக்குமாண்ணா?"

"குண்டா கீறவன் நடக்கலயா? போய்க் கடையைப் பாரு." பிரஷ்ஷைத் துடைத்தார். பென்சிலைக் காதில் சொருகினார். "சரி, இத்த யாரு குட்த்தது?"

நான் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, சாரின் பையன் செல்வின் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியதையும், அந்த வீட்டு வழக்கத்தையும் அவர் காதில் சொன்னேன். "அண்ணா, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன், அந்தப் பேரை மட்டும் சார்கிட்ட சொல்லிடாதீங்க. என் கடை போயிடும்."

"நான் ஏன் சொல்றேன்? எனுக்கு இன்னா வந்துது?" என்றார் உபயம்.

வாக்குத் தவறாத மனிதர். சொல்லவில்லை. எழுதினார்.

சனிக்கிழமை மத்தியானம் விமானத்தைத் திருப்பிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இறக்கையின் அடிப்பக்கத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், வெள்ளை எழுத்து, சிவப்பு நிழல்: 'உபயம்: ஞா. செல்வின், சிங்கப்பூர்.'

"அண்ணா! இன்னா பண்ணி வச்சிருக்கீங்க!" பயத்தில் எனக்கே அவர் பாஷை வந்துவிட்டது.

"ஏன், எழுத்து நல்லா இல்லியா?"

"அழிங்க முதல்ல!"

"தின்னர் போட்டாத்தான் அழியும். தின்னர் போட்டா உள்ள கீற தெர்மாகோலு 'உஸ்ஸ்'னு பூடும். சொரண்டுனா பேப்பர் கிழியும். உனுக்கு எது ஓணும்?"

"மேல் பக்கமாவது எழுதியிருக்கக் கூடாதா? யார் கண்ணுலயும் படாதே!"

உபயம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பறக்கற சாமானுக்கு மேல எழுதினா யாருய்யா படிப்பான், காக்காவா? ஜனங்க கீழேருந்துதான பாப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாரும் டீச்சரம்மாவும் ஸ்கூட்டரில் முன்னால் போக, உபயம் மிதித்த சைக்கிளின் கேரியரில் நான் விமானத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன். எழுத்துப் பக்கம் என் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. முடிச்சூரில் அப்போதுதான் வயல்களை மனைகளாகப் பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். இறங்கியதும் விமானத்தைத் தரையில் வைத்து, பக்கத்திலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

சார் முதலில் நிறத்தைப் பார்த்தார். "ஏம்ப்பா, இது சாம்பலா இல்ல இருந்தது?"

உபயம் முன்னால் வந்தார். "நான்தான் சார். இவுரு வோணாம் வோணாம்னாரு. என் கை சொம்மா இருக்காது. திட்றதுனா என்னத் திட்டு."

சார் 'ம்ம்' என்றார். ரிமோட் பெட்டியை வாங்கி ஏரியலை நீட்டினார். அந்த விமானத்துக்குச் சக்கரம் கிடையாது. ஒருவர் கையில் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஓடிப்போய் எறிய வேண்டும். இது எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் உறைக்கவே இல்லை.

உபயம் தூக்கிப் பிடித்தார். ஏணியில் நின்றே பழகியவர், கை நல்ல நீளம். மோட்டார் 'கிர்ர்' என்றது. எங்கிருந்தோ காவல் பெரியவர் வந்து, இறக்கைக்கு நேர் கீழே நின்று அண்ணாந்தார். அவர் அப்போதுதான் முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டிருந்தாராம். கண்ணில் பட்டதையெல்லாம் படித்தாக வேண்டிய பருவம்.

"உ... ப... யம்" என்றார் பெரியவர்.

"பெரியவரே, தள்ளிப் போங்க, காத்தாடி வெட்டிரும்!" என்றேன்.

"இருப்பா. ஞா... செல்... செல்... வி..."

"சார், வெளிச்சம் போகுது, விட்ருங்க சார்!"

"செல்... வின். செல்வின்! சிங்... கப்... பூர்." ஜெயித்த சந்தோஷத்தில் பெரியவர் எல்லாரையும் பார்த்தார். "யாருங்க அது செல்வின்?"

டீச்சரம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு தூரத்து எருமைகளைப் பார்த்தார். நான் என் கடையின் ஷட்டரைக் கடைசியாக ஒரு முறை மனசுக்குள் இறக்கினேன். சார் இறக்கையின் அடியில் இருந்த எழுத்தை ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி.

"என் பையன்" என்றார். அப்புறம், "மூத்தவன்" என்றார்.

"பையன் பேரைப் போட்டுக் காட்டுதீங்களா, நல்லது நல்லது" என்று பெரியவர் நகர்ந்தார்.

"எறி" என்றார் சார்.

உபயம் ஓடிப்போய் எறிந்தார். பறந்தது. சத்தியமாகப் பறந்தது. தினசரிப் பேப்பரையும் மைதாவையும் கடைக் கதவுப் பெயிண்டையும் சுமந்துகொண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு மாடி ஏறுகிறவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி, மனைக் கற்களுக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. உபயம் அதன் கீழேயே அண்ணாந்தபடி ஓடினார். "படிக்க வருது! இங்கேருந்து படிக்க வருது!" இரண்டாவது வட்டத்தில் அது எங்கள் தலைக்கு மேலே தாழ வந்தது. டீச்சரம்மா எருமைகளை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் உதடு மட்டும் அசைந்தது.

மூன்றாவது வட்டத்தில் இடது இறக்கை, நான் உட்கார்ந்த அதே இடத்தில், மடிந்தது. விமானம் வேலிக்காத்தான் முள்ளில் போய் விழுந்தது.

சார்தான் போய் எடுத்தார். பிளந்த இறக்கைக்குள் பார்த்தார். மூங்கில், டி.வி. பெட்டித் தெர்மாகோல், பேப்பர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பேப்பரைப் படித்தார்.

"வியாழக்கிழமைப் பேப்பர் இது. சிங்கப்பூர்ல நம்ம ஊர் ராசிபலனை வச்சா விமானம் பண்றான்? இது எப்ப ஒடஞ்சுது?"

"இப்பதான் சார்" என்றார் உபயம். "நீ வுட்டல்ல, அப்ப."

என்னால் முடியவில்லை. "சார், நான் உக்காந்துட்டேன்."

"எங்க?"

"இது மேல."

டீச்சரம்மா சிரித்துவிட்டார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, அப்புறம் பொத்தாமல். நாற்காலி, பெட்ஷீட், காவல், கரண்ட் எல்லாவற்றையும் நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். சார் சிரிக்கவில்லை. உடைந்த இறக்கையைத் திருப்பி எழுத்துப் பக்கமாக வைத்துக்கொண்டார்.

"புது இறக்கை அனுப்பச் சொல்லி எழுதணும். வேற என்ன பண்றது? இதை இப்படியே வச்சுக்க முடியாது" என்றார் யாரிடமோ கோபித்துக்கொள்கிற மாதிரி. "அட்ரஸ்தான் எங்க போட்டேனோ..."

டீச்சரம்மா பிளாக் நம்பர், மாடி நம்பர், தெருப் பெயர், தபால் எண் எல்லாவற்றையும் வாய்ப்பாடு மாதிரி மடமடவென்று ஒப்பித்தார்.

சார் மனைவியைப் பார்த்தார். "இவ்வளவும் உனக்கு எப்படி மனப்பாடம்?"

"எழுதி எழுதித்தான்" என்றார் டீச்சரம்மா.

அப்போது பார்த்துத் தலைக்கு மேலே ஒரு நிஜ விமானம் போனது. சார் அண்ணாந்து பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, "நாளைக்குக் காலையில டேப் எடுத்துகிட்டு வீட்டுக்கு வா. இறக்கை நீளம், அகலம் எல்லாம் சரியா அளந்து சொல்லணும், லெட்டர்ல எழுத. அக்ரிமெண்ட் பேப்பரையும் கொண்டா" என்றார். பிறகு உபயத்தைப் பார்த்து, "எழுத்து நல்லா இருக்கு பெயிண்டர்" என்றார்.

"நெழலு இன்னும் கொஞ்சம் தூக்கி இருக்கணும் சார்" என்றார் உபயம்.

திரும்பி வரும்போதும் நான் கேரியரில்தான் உட்கார்ந்தேன், மடியில் விமானத் துண்டுகளோடு. முடிச்சூர் ரோட்டில் அந்த நாளில் ரோட்டைவிடப் பள்ளம் ஜாஸ்தி. போகும்போது ஒன்றையும் விடாமல் இறக்கி ஏற்றிய உபயம், வரும்போது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள ஆரம்பித்தார்.

"ஏறி மிதிங்கண்ணா. இதுதான் ஒடஞ்சாச்சே, இனிமே குலுங்கினா என்ன?"

"அத்த யாரு பாத்தா? நீ நடுங்கற நடுக்கத்துல வண்டியே ஆடுது. பள்ளம் வேறயா?"

தாம்பரம் வரும்வரை தள்ளிக்கொண்டேதான் வந்தார். என்னை இறங்கச் சொல்லவில்லை.